கழற்றும்போதுதான் கவனம்

ஏற்காடு மலையில், வெள்ளக்கடைப் பக்கம் நாலு பேருக்கு ஒரே மாதிரி காய்ச்சல் என்றால் யார் காதுக்கு முதலில் எட்டும்? கிராம சுகாதார செவிலியர் காதுக்குத்தான். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்புறம்தான் தெரியும்.

நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் கண்டுகொள்வார். 2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமியைக் கடிதத்தில் வைத்து அனுப்பினார்கள். 5 பேர் இறந்தார்கள். அதை முதலில் பிடித்தது போலீஸ் இல்லை. ஒரு நோயாளியின் தண்டுவட நீரைச் சோதித்துச் சந்தேகப்பட்ட ஃபுளோரிடா மருத்துவர்.

பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்தும் உண்டு. நம் பக்கத்து மாநிலத்தில், 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி அதே நோயில் இறந்துபோனார். வந்திருப்பது நிபா என்று அவர் கவனித்த நாளில் யாருக்கும் தெரியாது. நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. மறு ஆண்டு எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா. அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை.

இப்படிப்பட்ட நோயாளியைக் கவனிப்பவரைக் காப்பது பாதுகாப்பு உடை. ஆனால் அதைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். கையுறையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி உருட்டிக் கழற்ற வேண்டும். முகக்கவசம் கடைசியில். நடுநடுவே கை சுத்தம். பயிற்சியில் கையுறைமேல் ஒளிரும் திரவத்தைத் தடவிவிட்டுக் கழற்றச் சொல்வதுண்டு. பிறகு புற ஊதா விளக்கைக் காட்டினால், தவறிப் பட்ட இடமெல்லாம், மணிக்கட்டு, கன்னம் என்று மினுங்கும்.

இந்தப் பயிற்சி மலையேறி வர வேண்டும். செவிலியரோடு துப்புரவுப் பணியாளருக்கும், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், ஆண்டுதோறும்.