நமது பாண்ட் குழுவும் என் தாத்தாவின் தப்பும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரை)



"பாண்ட் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "நான் சைட் டிரம் அடித்தவள், பேச்சு எனக்கு வராது" என்றேன். அவர் விடவில்லை. இன்று காலை வாசலில் நமது பிள்ளைகள் பேக்பைப்பும் டிரம்மும் முழங்க எங்களை வரவேற்றார்கள். அப்போது என் விரல்கள் தாமாகவே கைப்பையின் மீது தாளம் போட்டதைப் பக்கத்தில் நின்ற தோழி பார்த்துச் சிரித்தாள். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கண்டிக்கும் பேக்பைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இளையவர்கள் கேட்கக்கூடும். 1826 முதல் 1837 வரை 78 ஆவது ஹைலண்டர்ஸ் என்ற ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவு இலங்கையில் இருந்தது. பின்னால் கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் போட வந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அவர்களில் ஒருவர். அவருடைய கல்லறை மஹியாவையில், நான் வளர்ந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. மறுபக்கம், 1881 இல் கொழும்பு றோயல் கல்லூரியில் அதிபர் ஜோன் பி. கல் தொடங்கிய மாணவர் படையணி நாடெங்கும் பரவி, அதனோடு பாடசாலை பாண்டுகளும் வளர்ந்தன. துரைமார் போய்விட்டார்கள். அவர்களுடைய துருத்தி வாத்தியம் நமது பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

அந்த வாத்தியத்தைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். வாசிப்பவள் ஒரு குழாய் வழியாகப் பையை ஊதி நிரப்பி, அதைக் கையிடுக்கில் வைத்து அமுக்குகிறாள். விரல் வைத்து வாசிக்கும் குழலில் ஒன்பது சுரங்கள்தான். தோளின்மேல் நிமிர்ந்து நிற்கும் மூன்று குழல்கள் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நாதஸ்வரத்துக்கு ஒத்து எப்படியோ, அப்படி. மூச்சு எடுக்கும்போதும் ஒலி அறாது. பை அதைத் தாங்கும். ஆனால் அதனாலேயே இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒரே சுரத்தை அடுத்தடுத்து வாசிக்க வேண்டுமானால் இடையில் நிறுத்த முடியாது; மின்னல் போல ஒரு சிறு சுரத்தை நடுவில் தொட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தருவது டிரம் அடிப்பவர்களின் வேலை. பேக்பைப் வாசித்த அக்காமார் எங்களைப் 'பின்வரிசை' என்று சொல்லிச் சிரிக்கும்போது நாங்கள் இதைத்தான் எடுத்துச் சொல்வோம்.

போட்டியின் கடினமான இடம் தொடக்கம். டிரம்மில் இரண்டு உருட்டல்கள் எழும். அதற்குள் எல்லாப் பைகளும் ஒன்றாக உயிர் பெற்று, மெட்டு ஒரே கணத்தில் தொடங்க வேண்டும். ஒருத்தி முந்தினாலும் பிந்தினாலும் மைதானம் முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் கிளாஸ்கோ நகரின் பசும்புல் திடலில் உலகப் போட்டி நடக்கிறது. 1947 முதல் உலகப் பட்டம் வழங்கப்படுகிறது. இளையோருக்கெனத் தனிப் பிரிவுகளும் உண்டு. அங்கே நடுவர்களில் இருவர் பேக்பைப்பைக் கவனிப்பார்கள், ஒருவர் டிரம்மை, மற்றவர் முழுக் குழுவும் சேர்ந்து ஒலிப்பதை. நமது வலயப் போட்டியில் இவ்வளவு ஏற்பாடு இருக்காது. இருந்தாலும் நடுவரின் காது முதலில் போகும் இடம் அதேதான்.

இனி என் கதை. 1990 இல் நான் ஒன்பதாம் ஆண்டு. பாண்டில் சேர்ந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பாயி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, "பொம்பளப் புள்ள தப்பு அடிக்கிறதா? அதுவும் ரோட்டுல?" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். காரணம் எனக்கு அப்போது தெரியாது. என் தாத்தா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தப்பு அடித்தவர். விடியுமுன் லயங்களை எழுப்பிப் பிரட்டுக்கு வரச்சொல்லும் தப்பு, திருவிழாத் தப்பு, சாவுத் தப்பு எல்லாம் அவர் கையால்தான். அந்தத் தப்பு இல்லாமல் தோட்டத்தில் ஒரு காரியமும் நடவாது. ஆனாலும் அதை அடித்தவரை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தவர்கள் குறைவு. அந்த அவமானத்தைத் தாண்டத்தான் அப்பா டவுனுக்கு வந்து கடையில் கணக்கு எழுதினார். அவருடைய மகள் தோளில் டிரம் மாட்டிக்கொண்டு நின்றாள்.

தாத்தா மட்டும் கோபப்படவில்லை. என் டிரம் குச்சிகளை வாங்கிக் கையில் எடைபோட்டுப் பார்த்தார். "தோலை எப்படிக் காய்ச்சுவீங்க?" என்று கேட்டார். தப்பை அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித்தான் தோலை இறுக்குவார்கள். "எங்களுடையது திருகாணி, தாத்தா. சாவி போட்டு முறுக்குவோம்" என்றேன். "அப்ப மழையிலயும் அடிக்கலாம்" என்று வியந்தார்.

என்னோடு சேர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்லமாட்டேன். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் ஏறி வருவாள். மேசை மீது விரலால் தட்டினாலே அவளுடைய தாளம் நிற்கும் விதம் தெரியும். ஆசிரியை அவளைத்தான் முன்வரிசையில் நிறுத்தினார். ஆனால் பயிற்சி முடிய நாலரை மணியாகும். நாலு மணி பஸ்ஸை விட்டால் அவள் வீடுபோய்ச் சேர இருட்டிவிடும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்குப் பிறகும் ஏற வேண்டும். இரண்டு தவணை சமாளித்தாள். வெள்ளைச் சப்பாத்துக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் தவணை ஒருநாள் டிரம்மைத் துடைத்து அறையில் வைத்துவிட்டுப் போனாள். யாரும் அவளைத் துரத்தவில்லை. யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை. அவள் நின்ற இடத்தில் மறுநாள் நான் நின்றேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதை இன்று இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

போட்டி நாளில் தாத்தா தோட்டத்திலிருந்து இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மைதானத்தின் கம்பி ஓரத்தில் நின்றார். அப்பாவும் வந்து, அவரிடமிருந்து நாலு அடி தள்ளி நின்றார். நாங்கள் நன்றாக வாசித்தோம் என்றுதான் நினைத்தோம். இடம் கிடைக்கவில்லை. அழுதுகொண்டு வந்த என்னிடம் தாத்தா ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: "முதல் அடி பிந்திப்போச்சு, புள்ள. ரெண்டாவது உருட்டல்ல ஒன் கை யோசிச்சிச்சு."

அது உண்மை. நடுவர் குறிப்பிலும் தொடக்கம் சரியில்லை என்றே எழுதியிருந்தது. பிரட்டுத் தப்பு அடித்த மனிதர் கம்பிக்கு வெளியே நின்றே அதைக் கேட்டுவிட்டார். வீடு திரும்பும் வழியில் அப்பா, "எப்படி அடிக்கணும்னு தாத்தாக்கிட்ட கேளு" என்று மட்டும் சொன்னார். தன் தகப்பனின் வேலையை அவர் மரியாதையோடு பேசி நான் கேட்டது அன்றுதான். அன்று முதல் விடுமுறைதோறும் தாத்தாவிடம் போனேன். அடுத்த வருடம் என் கை யோசிக்கவில்லை.

ஆனால் எனக்கு முன் அந்த இடத்தில் நின்றவளின் கை ஒருநாளும் யோசித்ததில்லை. இன்று இந்த மண்டபத்தில் அவள் இல்லை. நமது சங்கத்தின் முகவரிப் பட்டியலிலும் தேடினேன், இல்லை.

அன்பானவர்களே, நூற்றாண்டுக்கு நாம் பாடசாலைக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்கிறோம். புதிய பேக்பைப் தொகுதி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. நல்லது. பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் செய்பவை உலகெங்கும் போகின்றன. வாங்குவது பெரிய காரியமில்லை. ஆனால் வாத்தியம் வந்த பிறகு அது தீனி கேட்கும். குழலுக்குள் இருக்கும் நாணல் நாக்கு தேயும்; நமது மலைநாட்டு ஈரத்தில் சீக்கிரம் கெடும். காலைக் குளிரில் சேர்த்த சுருதி பத்து மணி வெயிலில் ஏறிவிடும். டிரம் தோல் கிழியும். பரிசளிப்பு விழாவில் படம் எடுத்துக் கொடுக்கும் வாத்தியம் மூன்று வருடத்தில் அலுமாரிக்குள் போவது இதனால்தான். ஆகவே வாத்தியம் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வருடாவருடம் நாக்குக்கும் தோலுக்கும் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது வேண்டுகோள், எனக்கு முதலாவதை விட முக்கியமானது. பயிற்சி நாட்களில் கடைசி பஸ்ஸைத் தவறவிடும் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஒரு வேன் வேண்டும். சீருடையும் சப்பாத்தும் பாண்ட் அறையிலேயே பாடசாலைச் சொத்தாக இருக்கட்டும். யாரும் கேட்டு வாங்க வேண்டிய நிலை வரக்கூடாது. இதில் நம் பெயர் பொறித்த பலகை எங்கும் இருக்காது. ஆனால் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் ஹந்தானையிலும் இருந்து வரும் ஒரு பிள்ளை நாலு மணிக்கு மணிக்கூட்டைப் பார்க்காமல் அடிப்பாள்.

மூச்சு எடுக்கும் நேரத்தில் ஒலி அறாமல் பை தாங்கும் என்று சொன்னேன். நாம் பாடசாலையை விட்டுப் போனவர்கள். உள்ளே நின்று வாசிக்கும் முறை இனி நமக்கு இல்லை. தாங்கும் வேலை இருக்கிறது.

வெளிநாட்டில் இந்த மலரை வாசிக்கும் தோழிகளில் யாருக்காவது 1990 இல் கலஹாப் பக்கத்திலிருந்து வந்து சைட் டிரம் அடித்த ஒருத்தியைத் தெரிந்தால், அவளுடைய இடத்தில் நின்றவள் தேடுகிறாள் என்று சொல்லுங்கள்.