வாராத வாக்கும் கூறிய கரணியமும்

(மன்றக் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பிற்கு ஒருநாள் வாராத மாணவன், மறுநாள் பெற்றோர் கையொப்பமிட்ட விடுப்பு மடலோடு வருதல் வேண்டும். நாட்டுக்குச் சட்டம் இயற்றுவோர்க்கு இக்கண்டிப்பு உண்டோ என்று சென்ற கூட்டத்தில் இளைஞர் ஒருவர் வினவினார். அவ்வினாவே இன்றைய பொருள்.

வாராமை என்பது ஒரு சொல்லே. ஆயினும் வர இயலாமை வேறு. வர விரும்பாமை வேறு. வந்திருந்தும் வாக்களிக்கும் நொடியில் எழுந்து போதல் இவ்விரண்டினும் வேறு. இவற்றை ஒன்றெனக் கொள்வோர் நோயாளியையும் ஏய்ப்பவனையும் ஒரே கோலால் அளப்போர் ஆவர்.

1979 மார்ச்சு 28 இரவு, இலண்டன் மக்களவையில், தலைமையமைச்சர் காலகனின் அரசுமீது தாட்சர் அம்மையார் கொணர்ந்த நம்பிக்கையின்மை முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. அரசை எதிர்த்து 311, ஆதரித்து 310. ஒரே வாக்கில் அரசு வீழ்ந்தது. ஆளுங்கட்சியின் ஆல்பிரட்டு பிராட்டன் அன்று வரவில்லை. அவரே ஒரு மருத்துவர்; கடுநோயுற்று வீட்டிற் கிடந்தார். நோயாளர் ஊர்தியில் மன்ற வளாகம்வரை கொணர்ந்தாற் போதும், அவர் வாக்கு எண்ணப்பட்டிருக்கும்; அஃது அவ்வவையின் வழக்கம். வழியிலேயே உயிர் பிரியலாம் என்று அஞ்சியமையின், காலகன் அவரை வரவழைக்க ஒப்பவில்லை. ஐந்தாம் நாள், ஏப்பிரல் 2இல், பிராட்டன் இறந்தார். அவர் வந்திருப்பின் இருபாலும் 311 ஆகியிருக்கும்; அந்நிலையில் அவைத்தலைவர் தம் வாக்கை இருக்கும் நிலை மாறாதவாறு அளிப்பதே மரபாகலின், அரசு பிழைத்திருக்கும்.

இன்னும் கேளுங்கள். நோயுற்ற உறுப்பினர்க்கு ஈடாக மறுகட்சியார் ஒருவரும் விலகி நிற்பது அங்குள்ள இணைவழக்கம். ஆளுங்கட்சித் துணைக்கொறடா வால்ட்டர் ஆரிசன், எதிர்க்கட்சியின் பெர்னார்டு வெதரிலிடம் அதனைக் கேட்டார். இத்தகைய வாக்கெடுப்புக்கு அவ்வழக்கம் பொருந்தாது என்றார் வெதரில். ஆயினும் தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தாமே விலகுவதாக உரைத்தார். அவர் அரசியல் வாழ்வே அதனால் அழியும் என்றுணர்ந்த ஆரிசன், அவரை அவ்வுறுதியினின்று விடுவித்தார். தம் அரசு வீழுமென்று தெரிந்தும் விடுவித்தார்! கட்சி வேறாயினும் மாந்தர் மாந்தரே.

அதே இரவில் வட அயர்லாந்தின் தனியுறுப்பினர் பிராங்கு மக்வயர், தாம் நேரிலேயே வாக்களியாதிருக்க வந்ததாகக் கூறினார், அவ்வாறே செய்தார். (அவையிற் சிரிப்பு) நகையாதீர்கள். மறைக்காமற் சொன்னாரே, அதனை யான் மதிக்கிறேன்.

இனி நம்மவர். 1970 செப்டம்பர் 5இல், பழைய மன்னர்களுக்கு அரசு ஆண்டுதோறும் அளித்த பணத்தையும் சிறப்புரிமைகளையும் நீக்கும் அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. வாக்களித்தோர் 224 பேர். அதில் மூன்றில் இருபங்கு 149 ஆளும் மூன்றிலொரு பங்கு ஆளும். மூன்றிலொரு பங்கு ஆளை எங்கே தேடுவது? திருத்தம் தோற்றது. ஆதரிப்பார் இன்னொருவர் வந்திருப்பின் 225க்கு 150; நிறைவேறியிருக்கும். எதிர்த்தோருள் ஒருவர் தேநீர் அருந்த வெளியே போயிருந்தாலும் 223க்கு 149 போதுமானது, அப்போதும் நிறைவேறியிருக்கும். வாராமை எப்போதும் எதிர்ப்புமன்று, எப்போதும் நடுநிலையுமன்று என்பதை இக்கணக்கு காட்டும். பின்னர்க் குடியரசுத்தலைவர் ஆணை, அதனை உச்சநீதிமன்றம் செல்லாதென்றமை, 1971இல் 26ஆம் திருத்தம் என அவ்வழக்கு நீண்டது.

2012 திசம்பர் 5இல் நிகழ்ந்தது மூன்றாம் வகை. சில்லறை வணிகத்தில் அயல்நாட்டு முதலீட்டை விடும் அரசின் முடிவைத் திரும்பப் பெறக் கோரிய முன்மொழிவு மக்களவைக்கு வந்தது. சமாச்வாதிக் கட்சியும் பகுசன் சமாச் கட்சியும் அரசின் முடிவை எதிர்த்தே பேசின. வாக்கெடுப்பு வந்ததும் இரண்டும் வெளிநடந்தன. முன்மொழிவுக்கு 218, எதிராக 253. வெளிநடந்த கட்சிகளுக்கு அவ்வவையில் 43 உறுப்பினர். அனைவரும் தாம் பேசியபடியே வாக்களித்திருப்பின் 261! மதவாதக் கட்சியின் பக்கம் நிற்கலாகாது என்பது பகுசன் கட்சி கூறிய கரணியம். வணிகர்க்கு நாவையும் அரசுக்கு வெற்றிருக்கையையும் வழங்கிய ஈகை இது!

சட்டம் என் செய்கிறது? இசைவின்றி அறுபது நாள் கூட்டங்களுக்கு வாராதவரின் இருக்கையை வெற்றிடமென அவை அறிவிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 101ஆம் பிரிவு. விடுப்பு வேண்டுகோளை ஆராய மக்களவையில் தனிக்குழுவே உண்டு. ஆனால் அஃது நாட்கணக்கு. ஒரு மாலைப்பொழுதில் எழுந்து போனவரை அது தொடாது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டமோ, கட்சி ஆணைக்கு மாறாக வாக்களித்தலையும் வாக்களியாதிருத்தலையும் ஒப்பவே வைத்தது. பதினைந்து நாளுள் கட்சி பொறுக்காவிடின் பதவி பறிபோகலாம். ஆகவே இன்று உறுப்பினரின் வாராமை பெரும்பாலும் தலைமை இட்ட வாராமையே. கரணியத்தை அங்கேதான் கேட்டல் வேண்டும்.

குரல் வாக்கெடுப்பில் எவர் பெயரும் பதிவாகாது. பிரிவு வாக்கெடுப்பில் ஆம் என்றார், இல்லை என்றார், அவையில் இருந்தே விலகினேன் என்று பதிந்தார் ஆகியோர் பெயர்கள் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். வெளியே நடந்தவர் பெயர் அவ்வாக்குப் பட்டியலில் எங்குமில்லை. வெளிநடப்பை விரும்புவதன் கமுக்கம் இதுவே.

நம் மன்ற இளைஞர் ஒன்று செய்யலாம். உறுப்பினர் முழுப்பட்டியலையும் வாக்களித்தோர் பட்டியலையும் அருகருகே வைத்து, வாக்களித்தார் பெயரை ஒவ்வொன்றாக அடித்து வாருங்கள். எஞ்சும் பெயர்களுள் நம் தொகுதியார் பெயர் இருப்பின், நாளும் முன்மொழிவும் குறித்து அவருக்கு ஒரு மடல் விடுங்கள். நோயெனின் நலம் வினவுங்கள். வேறெனின் விடையை எழுத்திற் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் அம்மடல்களையும் விடைகளையும் இவ்வவையிற் படிப்போம்.