கத்தரிக்கோல் யார் கையில்?



திரையிலும் ஏட்டிலும் விளம்பரத்திலும் பெண்ணின் உடல் விற்பனைச் சரக்காக்கப்படுகின்றது. இதனைக் கண்டு கொதிப்போர் இரு சாரார். குடிமானம் கெடுகின்றதே என்று ஒரு சாரார் கொதிக்கின்றனர். தம்மை மனிதராக மதிக்கவில்லையே என்று பெண்கள் கொதிக்கின்றனர். முன்னையது மானப் பிரச்சினை. பின்னையது உரிமைப் பிரச்சினை. இவ்வேறுபாட்டை உணராது சட்டம் செய்யப் புகின் யாது விளையும்?

1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலே எழுத்தாளர் அன்ட்ரியா டுவோர்க்கினும் சட்ட அறிஞர் கத்தரின் மக்கின்னனும் புதுமையான சட்டமொன்றை வரைந்தனர். ஆபாசப் படைப்பு பெண்ணின் சமத்துவத்தைப் பறிக்கும் செயல் என்றது அச்சட்டம். வற்புறுத்தி நடிக்கவைக்கப்பட்ட பெண், நட்டஈடு கோரித் தானே வழக்கிடலாம் என்றது. மாநகர சபை அதனை ஏற்றது. நகர முதல்வர் நிராகரித்தார். 1984இல் இன்டியானாபொலிஸ் நகரம் அதனையொத்த சட்டத்தை நிறைவேற்றியது. 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. இத்தகைய படைப்புகள் பெண்ணடிமையை நிலைநிறுத்துவன என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும், இக்கருத்து ஆகும், அக்கருத்து ஆகாது என்று அரசு தீர்மானித்தல் பேச்சுரிமைக்கு முரண் என்றது. 1986இல் அதியுயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

அச்சட்டத்தை எதிர்த்தோருள் பெட்டி ஃபிரீடன், கேட் மில்லெட் முதலிய பெண்ணுரிமைப் போராளிகளும் இருந்தனர் என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். பெண்ணைக் காக்கவென்று எழும் தடை, நாளை பெண்ணின் எழுத்தையே வெட்டும் என அவர்கள் அஞ்சினர்.

வேலி பயிரை மேய்ந்தது

அவ்வச்சம் வீண்போகவில்லை. 1992இல் கனடாவின் அதியுயர் நீதிமன்றம், ஆபாசத்தை அளக்கும் கோல் சமூகத்துக்கு விளையும் தீங்கே என்று கூறி, ஆபாசத் தடைச் சட்டத்தை நிலைநிறுத்தியது. பெண்கள் அமைப்புகள் மகிழ்ந்தன. ஆனால் வான்கூவர் நகரில் ஒருபாற் காதலர்க்கான நூல்களை விற்ற சிறு புத்தகசாலையின் பொதிகளைப் பல ஆண்டுகளாகத் தடுத்துவந்த சுங்கப் பகுதியினர், அதன் பின்னரும் நிறுத்தினாரில்லை. அவர்கள் பாரபட்சம் காட்டினர் என்று 2000ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் உரைத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை உழவர்களாகிய உங்களுக்குப் புதிதன்று!

நம் நாட்டிலோ, அந்நியர் ஆட்சியில் 1927இல் இயற்றப்பட்ட ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் உண்டு. அச்சட்டம் ஆபாசப் பொருளைத் தேடுகின்றது. அதனுள் அகப்பட்டுக்கொண்ட பெண்ணைத் தேடவில்லை.

இன்னொன்றும் கேட்கின்றோம். பெண்மையின் மானம் காக்கவெனச் சினிமாச் சுவரொட்டியைக் கிழிக்கும் கைகள் நம்மிடையே உண்டு. தேசவழமைச் சட்டத்தின் கீழ், மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் சம்மதம் வேண்டும். அவ்விதியை நீக்க அக்கைகள் நீளாதது ஏன்? தன் காணிமீது முழு உரிமையற்றவளின் உடலை மட்டும் பிறர் மதிப்பர் என எண்ணுதல் பேதைமை.

ஆகவே நாம் வேண்டுவது இது: பெண்ணின் இசைவின்றி எடுக்கப்படும், பரப்பப்படும் படத்துக்கு விரைந்த பரிகாரம் வேண்டும், வழக்கிடும் உரிமை அவள் கையிலேயே இருத்தல் வேண்டும். இழிந்த படைப்புக்குக் கண்டனமும் புறக்கணிப்பும் பெண்களின் பேனாவும் விடையாகட்டும். கத்தரிக்கோலை மட்டும் பொலிசாரிடம் ஒப்படையாதிருப்போம். அது முதலில் வெட்டுவது வலியோரின் இலாபத்தையன்று, எளியோரின் குரலையே!