தூண்டிற்காரன் பை



குளக்கரையில் தூண்டிலும் கையுமாக உட்கார்ந்திருப்பவனைக் கண்டால், ‘வேலையற்றவன்’ என்று எண்ணிக்கொண்டு நாம் நடந்துவிடுகிறோம். பார்வைக்கு அவன் அப்படித்தான் தோன்றுவான். அசைவதில்லை; பேசுவதில்லை; நீரில் மிதக்கும் தக்கை ஒன்றையே நோக்கியிருக்கிறான். ஆனால் அவன் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி, கரைக்கு வருமுன்பே வீட்டுத் திண்ணையில் முடிந்துவிட்டது. எந்தக் கோல், எந்த நரம்பு, எந்த முள், எதை எடுப்பது, எதை விடுவது, எடுத்ததைப் பையில் எப்படி அடுக்குவது என்பவற்றைத் தெளிந்து புறப்பட்டவனுக்குக் கரையில் செய்வதற்குப் பொறுமை ஒன்றே பாக்கி. தெளியாமல் புறப்பட்டவன் மீனை இழப்பதோடு நிற்பதில்லை. மீனுக்கும் பறவைக்கும், சில வேளைகளில் தனக்குமே கேடு தேடிக்கொள்கிறான். ஆகவே கரையில் நின்று மீன் பிடிப்போன் தன் கருவிகளைத் தெரிந்தெடுப்பது பற்றியும், அவற்றைக் கட்டி எடுத்துச் செல்வது பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு முதன்முதல் கற்பித்த பாடம், பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பில் நுழையாதே என்பது. எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தத் துணைக்கருவி என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பின்பே சுண்ணக்கட்டியைத் தொட வேண்டும். தூண்டிலுக்கும் மூன்று கேள்விகள் உண்டு. எந்த நீர்? எந்த மீன்? எந்த ஆழம்? இம்மூன்றுக்கும் விடை தெரியாதவன் கடையில் உள்ளதையெல்லாம் வாங்குவான். விடை தெரிந்தவனுக்கு ஒரு மஞ்சட்பை போதும்.

தமிழ்நாட்டுக் கரையில் தூண்டில் போடுவதை ஒரு கலையாகக் கருதி நூல் எழுதியவர்களும் இருந்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி புரிந்த எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்திய ஆறுகளில் மீன் பிடிப்பது குறித்து 1873-இல் ஒரு நூலும், ஏரி குளங்களில் மீன் பிடிப்பதற்கென்றே 1887-இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். நம் ஊர்க் குளம் ஒரு தனிநூலுக்குத் தகுதியுடையது என்று அவர் கருதியது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

முதற் கேள்வி, எந்த நீர் என்பது. எங்கள் தஞ்சைப் பகுதியில் ஆறு உண்டு, வாய்க்கால் உண்டு, குளமும் ஏரியும் உண்டு. குளம் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். அதில் தூண்டில் போட எண்ணுவோன் முதலில் பெற வேண்டியது குத்தகைதாரர் இசைவு. அது கிட்டாவிடில் மற்றவை எல்லாம் வீண்சுமை. ஆறு என்றால் நீரின் போக்கை விசாரிக்க வேண்டும். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையை ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் நாள் பாசனத்திற்குத் திறப்பது மரபு; நீரிருப்பைப் பொறுத்து அந்நாள் மாறுவதும் உண்டு. கோடையில் நாம் காலார நடந்த மணற்பரப்பு, திறந்த சில நாட்களில் ஆளை மூழ்கடிக்கும் நீரோட்டமாகிவிடும். கொள்ளிடத்தில் உபரி நீர் விடும்போது அறிவிப்புச் செய்வார்கள். அவ்வறிவிப்பைக் கேளாமல் ஆற்றின் நடுத்திட்டுக்குப் போவோனை எந்தத் தூண்டிலும் காப்பாற்றாது.

இரண்டாவது, எந்த மீன் என்பது. குளங்களில் விட்டு வளர்ப்பவை கட்லா, ரோகு, மிர்கால் என்னும் பெருங்கெண்டைகள். இவை வடநாட்டு ஆறுகளிலிருந்து நம் நீர்நிலைகளுக்கு வந்தவை. ஜிலேபி மீன் இன்னும் தொலைவிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அதனை 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவந்தார்கள். நம் மண்ணுக்கே உரியவை சிறு கெண்டை, கெளுத்தி, குறவை, விரால் முதலியன. இவற்றுள் ஒவ்வொன்றின் வாயும் வேறு, உணவும் வேறு, தங்கும் இடமும் வேறு.

மூன்றாவது கேள்விக்கான விடை இதிலேயே அடங்கியிருக்கிறது. கட்லா மேல்நீரில் இரை தேடும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடிமண்ணைக் கிளறும். ஒரே குளத்தில் இம்மூன்றையும் சேர்த்து வளர்ப்பதற்குக் காரணமே இதுதான். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே எத்தனை சாண் நரம்பு விடுவது என்பதை இவ்வழக்கமே முடிவு செய்கிறது. கெளுத்திக்கு இரை தரையில் கிடக்க வேண்டும். விரால் காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வரும் மீன். அல்லிக்கும் கோரைக்கும் இடையே அதனைத் தேட வேண்டும்.

இனி முள்ளைக் காண்போம். தூண்டில் முட்களுக்கு எண் இட்டு விற்கிறார்கள். இவ்வெண் கணக்குப் பிள்ளையையே திகைக்க வைக்கும். 1 முதல் மேலே செல்லச் செல்ல முள் சிறுத்துக்கொண்டே போகும். 14-ஆம் எண் முள் 6-ஆம் எண் முள்ளைவிடச் சிறியது. ஆனால் எண்ணுக்குப் பின்னே சாய்கோடும் சுழியும் இட்டிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 1/0 என்பதைவிட 3/0 பெரியது. சிறு கெண்டைக்கு 12 அல்லது 14, கெளுத்திக்கு 8 அல்லது 6, ரோகுவுக்கு 6 அல்லது 4, விராலுக்கு 1/0 அல்லது 2/0 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை நேராது. முள்ளின் கூர்மையை நகத்தின்மேல் இலேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிச் சென்றால் அது மழுங்கியது. கீறி நின்றால் கூரியது. பிடித்த சிறுமீனைத் திரும்ப நீரில் விடக் கருதுவோர், முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுவது நன்று. அதனால் மீனின் வாய் கிழியாது. தம் விரலில் தைத்தாலும் எளிதில் கழற்றலாம்.

நரம்பைப் பற்றி ஒரு விதி உண்டு. அதனை இப்பேச்சின் மையமாகவே கொள்ளலாம். பலரும் தடித்த நரம்பே நல்லது என்று எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. கோலோடு சேர்ந்த நரம்பு வலுவாகவும், முள்ளோடு சேரும் கடைசி முழ நரம்பு அதைவிடச் சற்று மெலிந்ததாகவும் இருக்க வேண்டும். ரோகுவுக்கு 0.35 மில்லிமீட்டர் நரம்பு கட்டினால் கடைசி முழம் 0.30 ஆக இருக்கட்டும். ஏன்? முள் வேரிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டாலும், தாங்க முடியாத பெரிய மீன் அகப்பட்டாலும், எங்கேனும் ஓரிடத்தில் அறுபட்டே தீரும். அவ்விடத்தை நாம் முன்கூட்டியே குறித்து வைக்கிறோம். முழ நீளம் அறுந்தால் மீன் அதனோடு பிழைத்துக்கொள்ள வழியுண்டு. கோலின் நுனியில் அறுந்தால், தக்கையையும் ஈயத்தையும் பத்து முழ நரம்பையும் இழுத்துக்கொண்டு அது கோரைப் புதரில் சிக்கி மெல்ல மெல்லச் சாகும்.

அறுந்த நரம்பின் கதை அங்கேயும் முடிவதில்லை. பழங்காலத்துப் பருத்தி நூல் சில மாதங்களில் மக்கிவிடும். நைலான் நரம்பு நம் பேரர் காலத்திலும் மக்காது. இரு கால்களிலும் நரம்பு சுற்றிக்கொண்டு வரப்பில் தத்தித் தத்திச் சென்ற கொக்கு ஒன்றை நான் கண்டிருக்கிறேன். அதனைப் பிடித்து விடுவிக்க முயன்றோம். அது எட்டப் பறந்து அப்பால் விழுந்தது. எந்தக் கை எறிந்த நரம்போ அது! எறிந்தவர் தீயவராக இருந்திருக்கமாட்டார். பையில் கழிவுக்கு ஓர் இடம் வைக்க மறந்தவராக இருந்திருப்பார்.

நைலானுக்கு வெயில் பகை. பழைய நரம்பு பார்வைக்கு முழுமையாக இருக்கும், இழுத்தால் இற்றுவிடும். புறப்படுமுன் கடைசி இரண்டு முழத்தை விரல் நகங்களுக்கிடையே உருவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி நீக்குங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். உலர்ந்து உரசும் முடிச்சு சூடேறி வலுவிழக்கும்.

அடுத்தது பளு. வழக்கமாக ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்துகிறார்கள். ஈயம் நஞ்சு, குழந்தைகளுக்குப் பெருநஞ்சு. அன்னப்பறவைகள் ஈயத்தை விழுங்கி மாண்டமையால் பிரிட்டனில் சிறிய ஈயக்குண்டுகளைத் தூண்டிலில் கட்டுவதை 1987-இல் தடை செய்தார்கள். நமக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. மிதிவண்டிக் கடையில் கிடக்கும் இரும்பு நட்டு ஒன்றே அப்பணியைச் செவ்வனே செய்யும். தக்கைக்கும் அவ்வாறே சோளத்தட்டையின் நெட்டி போதும்.

கோலைத் தெரிந்தெடுப்பதில் உயிரச்சம் ஒன்று இருக்கிறது. நம் முன்னோர் கல்மூங்கிற் கழியைக் கொண்டனர். அது உள்ளே கெட்டியானது. வளையும், எளிதில் முறியாது. இன்று ஒன்றனுள் ஒன்று நுழைந்து மடங்கும் கோல்கள் வந்திருக்கின்றன. அவை பேருந்துப் பயணத்துக்கு ஏற்றவை. அவற்றுள் கார்பன் இழையால் ஆனவை மின்சாரத்தை நன்கு கடத்தும். குளக்கரைமீதும் வாய்க்கால்மீதும் மின்கம்பிகள் செல்வது நாம் காணும் காட்சி. அக்கம்பியில் நீண்ட கோல் பட்டால், ஏன், மிக அருகே சென்றாலும், உயிர் போய்விடும். நனைந்த மூங்கிலும் நம்பத்தக்கதன்று. ஆகவே கோலை நீட்டுமுன் தலையை நிமிர்த்தி வானைப் பாருங்கள். கம்பி தென்பட்டால் வேறு கரைக்குச் செல்லுங்கள். இடி மின்னல் வேளையிலும் கோலை மடக்கிவிடுங்கள்.

இப்போது பையைக் கட்டுவோம். இதற்கு ஒரே விதி: கடைசியில் வேண்டியது அடியில், முதலில் வேண்டியது மேலே. அடியில் மாற்று நரம்பும் ஈரத்துணியும். நடுவில் மூடியுள்ள தகர டப்பா. அதில் பழைய ரப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றில் முட்களை வரிசையாகக் குத்தி வைக்க வேண்டும். இருபது முட்களை இறைத்து வந்து கரையில் பிரிப்போனுக்கு விடிந்த பொழுது அதிலேயே போய்விடும். கட்டி முடித்த தூண்டில் நரம்பை ஒரு பலகைத் துண்டில் சுற்றி, முள்ளை அதன் விளிம்பில் குத்திக்கொள்ளலாம். மண்புழுவைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வெயிலில் வெந்துபோகும்; கொட்டாங்கச்சியில் ஈரமண்ணும் இலையும் இட்டு நிழலில் வைத்தால் நெடுநேரம் உயிரோடிருக்கும். தவிடும் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டை தனிப் பொட்டலத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றிற்கும் மேலே, தேடாமல் கைக்கு எட்டுமாறு, ஒரு குறடும் சிறு கத்தியும் காயத்துக்குக் கட்டும் துணியும் இருக்க வேண்டும். கெளுத்தியின் துடுப்பு முள் கையைக் கிழிக்கும். தேளி மீனின் முள்ளில் நஞ்சே உண்டு. அது குத்தினால் மருத்துவரிடம் செல்வதே தக்கது. மீன் முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்கி இழுக்காமல், விட எண்ணும் மீனாயின் நரம்பை வாயருகே வெட்டிவிடுவது இரக்கம். குடிநீர், தலைக்குத் துண்டு, பிடித்த மீனுக்கு ஓலைப்பறி ஆகியவையும் வேண்டும்.

இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு. கடைக்காரர் இவற்றைச் சொல்லமாட்டார். ஒன்று, பத்துப் பதினைந்து மீட்டர்க் கயிறும் அதன் நுனியில் இறுக மூடிக் கட்டிய காலிக் குடுவையும். ஒருவர் நீரில் தவறி விழுந்தால், நீந்தத் தெரியாதவன் குதிப்பது இரண்டு உயிருக்குக் கேடு. கரையில் நின்றே குடுவையை எறிந்து இழுக்கலாம். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வோர் இதனை ஒருபோதும் மறக்கலாகாது. மற்றொன்று ஒரு வெறும் பை. அறுந்த நரம்பும் வளைந்த முள்ளும் பொட்டலக் காகிதமும் அதில்தான் வீடு திரும்ப வேண்டும்.

எடுத்துச் செல்லக்கூடாதவையும் உண்டு. விரால் இணை தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை மேல்நீரில் வைத்துக் காவல் காக்கும். அந்நேரம் தாய் தந்தையரைப் பிடிப்பது மிக எளிது. ஆனால் காவலிழந்த குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அந்தக் கூட்டத்தைக் கண்ட இடத்தில் பெரிய முள்ளை டப்பாவிலேயே விட்டுவிடுவதும் கருவித் தேர்வின் ஒரு பகுதியே.

பள்ளிச் சுற்றுலா முடிந்து திரும்பும்போது, பிள்ளைகளை எண்ணாமல் எந்த ஆசிரியரும் வண்டியைப் புறப்படச் சொல்வதில்லை. கொண்டுபோன தலைகள் நாற்பது என்றால் ஏறும் தலைகளும் நாற்பது. தூண்டில் முட்களையும் அவ்வாறே எண்ணி எடுத்துச் செல்லுங்கள். எண்ணியே திருப்பிக் கொண்டுவாருங்கள். ஒன்று குறைந்தால் அது எங்கே போயிற்று என்று தேடுங்கள். மாட்டின் வாயிலோ குழந்தையின் காலிலோ அது போய்ச் சேரக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் முட்களை நல்ல நீரில் அலசி, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். பறி நிறைந்திருந்தாலும் வெறுமையாயிருந்தாலும், கணக்குச் சரியாயிருந்தால் அந்நாள் நன்னாளே.