ஊவாத் தோட்டங்களில் அரிசிக் கணக்கு

தமிழ்நாட்டை விட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்களுக்கு ஒரு காலத்தில் இரு வழிகள் திறந்திருந்தன. மண்டபம் முகாமைக் கடந்து இலங்கைத் தேயிலை மலைகளுக்கு வருவது ஒன்று. நாகப்பட்டினத்திற் கப்பலேறி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போவது மற்றொன்று. எங்கே கூலி அதிகம் என்றுதான் ஊரிற் கேட்பார்கள். எங்கே அரிசி மலிவு என்று கேட்டவர் சிலரே.

1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1929 முதல் இலங்கையின் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32 எனக் கூலி வரையறுக்கப்பட்டது. தாழ்ந்த பகுதிகளிற் சில சதம் குறைவு. அதே காலத்தில் மலாயாவில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40. நான்கு சதம் குறைவென்று எண்ணிவிடலாகாது. மலாயாச் சதம் வெள்ளியின் சதம். அந்த வெள்ளி ஏறக்குறைய ஒன்றரை ரூபாய் பெறும். ஆகவே மலாயாக் கூலி நமது கணக்கில் 78 சதம் ஆயிற்று.

ஆயினும் இலங்கையில் ஓர் ஏற்பாடு இருந்தது. தோட்டத்தில் வழங்கும் அரிசிக்குப் புசலுக்கு 6 ரூபா 40 சதத்துக்கு மேல் அறவிடக்கூடாது. ஒரு புசல் 32 கொத்து. கொத்து 20 சதம். சந்தையில் விலை ஏறினாலும் பாரம் தோட்டத்தையே சாரும். மலாயாத் தொழிலாளிக்கு இத்தகைய காப்பு இல்லை. விலை ஏறினால் அவனுடைய 78 சதம் சுருங்கும்.

ஆனால் அந்தப் புசலின் உண்மை விலையை நாட்கணக்கிற் பார்க்கவேண்டும். ஆணுக்கு அது ஏறக்குறைய பன்னிரண்டு நாள் உழைப்பு; கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பதினைந்து நாள்; சிறுவனுக்கு முழுதாக இருபது நாள்! மழையினாலோ காய்ச்சலினாலோ பேர் விழாத நாளிலும் லயத்தில் அடுப்பு எரிந்தாக வேண்டுமல்லவா? அரிசிப் பற்று முதலிற் கழிக்கப்படும். மிச்சமே கையில் வரும். மிளகாய், கருவாடு, தேங்காய் முதலியவற்றுக்குச் சட்டவிலை ஏதும் இல்லை. பதுளைக் கடைத்தெருவில் வியாபாரி சொன்னதே விலை. பசறை, நமுனுகுல மலைகளின் குளிருக்குக் கம்பளியும் வேண்டும். அதுவும் கடனிலேயே ஏறும்.

1930க்குப் பின் உலகச் சந்தை சரிந்தபோது இரு நாடுகளிலும் கூலி வெட்டப்பட்டது. இங்கே அரிசி விலையையும் சேர்த்துக் குறைத்து, அதையே கூலிக் குறைப்புக்கு நியாயமாகக் காட்டினார்கள். மலாயாவிலிருந்து பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1924இற் பதுளைவரை நீண்ட புகைவண்டிப் பாதையில் ரங்கூன் அரிசி மூட்டைகளும் மலையேறின. 1942இற் பர்மா ஜப்பானியர் வசமாகவே அந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது; கோதுமை மாவு லயங்களுக்குள் புகுந்தது. காலையில் மலைக்குப் போகுமுன் தட்டும் ரொட்டி பஞ்சகாலத்தின் மாற்றுணவாக வந்து, அன்றாட உணவாக நிலைத்துவிட்டது.

1953 ஜூலையிற் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாட்டில் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் பதவி விலகினார். அக்டோபரில் விலை 55 சதத்துக்கு இறங்கிற்று. அந்த விலையேற்றம் தோட்டத் தொழிலாளியின் அடுப்பையும் சுட்டது. ஆனால் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களினால் அவர்களிற் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்திருந்தனர். விலையை ஏற்றிய அரசாங்கத்தைத் தேர்தலிற் கணக்குக் கேட்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை.