ரயிலேறிப் போகும் ஊருக்குக் கடை எப்போது திறக்கும்?



ஆன்லைனில் வாங்குவது நமக்கு வேண்டாம் என்று எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். நம் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வெறிச்சோடிப் போச்சாம். போனைத் தட்டித் தட்டியே கடைக்காரர் வயிற்றில் நாம் அடித்துவிட்டோமாம். ஐயா, தேதியைக் கொஞ்சம் பாருங்கள்! நம் தங்கச் சுரங்கத்துக்குப் பூட்டுப் போட்டது 2001 பிப்ரவரி 28. பிளிப்கார்ட் பிறந்தது 2007. அமேசான் இந்தியாவில் கடை விரித்தது 2013. நடுவில் போன அத்தனை வருஷமும் மார்க்கெட்டில் கூட்டம் அலைமோதியதா? சம்பள நாள் என்று ஒன்று இருந்தவரைக்கும் மார்க்கெட் இருந்தது. சம்பளமே நின்றுபோன ஊரில் யார் வந்து பட்டுப்புடவை எடுப்பார்? சுரங்கம் மத்திய அரசுடையது, மூடியதும் மத்திய அரசு. அந்தப் பழியைக் கொண்டுவந்து டெலிவரி பையன் முதுகில் ஏற்றுகிறீர்களே, அவன் சுமக்கும் மூட்டை போதாதா?

வேலை போனது. ஆள் என்ன செய்தான்? ரயிலேறினான். மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன்னால் வண்டி கிளம்புகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறார்கள். பங்காருப்பேட்டை தாண்டினால் நிற்க இடமில்லை. பெங்களூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர அதே அளவு. அதற்கு நடுவில் முழு நாள் வேலை. கார்மென்ட்ஸில் தைக்கிற தங்கச்சி, ஆஸ்பத்திரியில் துடைக்கிற அக்கா, செக்யூரிட்டி வேலை பார்க்கிற தம்பி, இவர்கள் வீடு வந்து சேரும்போது மார்க்கெட்டில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். பிள்ளைக்கு ஸ்கூல் ஷூ வாங்க வேண்டும். ஒன்று, ஒரு நாள் கூலியை விட வேண்டும். இல்லை, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதை விட வேண்டும். அந்தத் தங்கச்சி என்ன செய்கிறாள் தெரியுமா? ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கையில் போன். முந்தின ராத்திரி பிள்ளையின் காலைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, ஸ்கேலால் அளந்து எடுத்து வந்த நம்பர் மனசில் இருக்கிறது. ஒயிட்பீல்டு வருவதற்குள் ஆர்டர் முடிந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்சல் வருகிறது. பாட்டி கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிறாள். அவள் மிச்சம் பிடித்தது ஒரு நாள் கூலி! எதிரணி இதை ஆடம்பரம் என்கிறது. மேடைக்கு வந்து இதைச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

கடைக்காரர் முகம் பார்த்துப் பேசுவார், போன் பேசுமா என்று கேட்டார்கள். முகத்தை மட்டுமா பார்த்தார்? செருப்பைப் பார்த்தார்! செருப்பைப் பார்த்துத்தான் எந்த அடுக்கிலிருந்து புடவையை எடுத்துப் போடுவது என்று முடிவு பண்ணினார். “எந்த லைன்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி உட்கார்ந்திருப்பது, சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். போன் எந்த லைன் என்று கேட்பது வழி தெரிவதற்கு. ஆபீசர் பங்களாவுக்கு ஒரு விலை, சாம்பியன் லைனுக்கு ஒரு விலை என்று அது பேசாது. விலை பிடிக்கவில்லையா, அடுத்ததைத் தள்ளிப் பார்க்கலாம். “வாங்குறதுன்னா வாங்கு, இல்லேன்னா நட” என்று யாரும் சொல்ல முடியாது. சுயமரியாதையோடு ஒரு சட்டை வாங்குவது சின்ன விஷயமா, நடுவர் அவர்களே?

கடன் கொடுப்பாரே கடைக்காரர் என்றார் அந்த அணியின் கடைசிப் பேச்சாளர். கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் கடன் நோட்டில் பெயர் ஏறியவன் விலை கேட்க முடியுமா? அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்று கல்லாவுக்கு மேலே போர்டு மாட்டினவர்கள் இன்று நேர்மை பற்றி நமக்கு வகுப்பெடுக்கிறார்கள்! வாங்கின பொருள் கையில் வந்த பிறகு காசு கொடு என்று 2010-லேயே பிளிப்கார்ட் சொன்னது. கார்டு இல்லாதவனையும், பேங்கை எட்டிப் பார்க்காதவனையும் நம்பி வாசல் வரைக்கும் சரக்கை அனுப்பியது. நம்மை நம்பி முன்னால் சரக்கு நீட்டியவர்கள் எத்தனை பேர்?

விற்கிற பக்கமும் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் ஆன்லைனில் விற்கும் சிறு வியாபாரிக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆண்டர்சன்பேட்டையில் மெஷின் வைத்து நைட்டி தைக்கிற ஓர் அம்மா, மைசூருக்கும் மங்களூருக்கும் விற்கலாம். மார்க்கெட்டில் அவருக்குக் கடை பிடிக்க அட்வான்ஸ் யார் கொடுப்பார்? அடுத்து, டெலிவரி பிள்ளைகளைச் சுரண்டுகிறார்கள் என்றால், அதற்காகக் கேட்போம், போராடுவோம். 1930-இல் சுரங்கக் கம்பெனியையே எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. கர்நாடகத்தில் 2025-இல் அந்த டெலிவரி பிள்ளைகளுக்கென்று சட்டமே வந்துவிட்டது.

புதுசு எதுவும் நமக்கு வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒன்று. சிவனசமுத்திரத்திலிருந்து கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-இல் இங்கே மின்சாரம் வந்தது. பெங்களூரில் விளக்கு எரிந்தது 1905-இல். ஆனால் அந்தக் கம்பியை இழுத்தது சுரங்க எந்திரத்துக்காக. லைன் வீட்டுக்காக யாரும் அவசரப்படவில்லை. இந்த முறை, மேஸ்திரி சிபாரிசு இல்லாமல், கம்பெனி தயவு இல்லாமல், ஒரு வசதி நேராக நம் வாசலுக்கு வந்திருக்கிறது. அதையும் திருப்பி அனுப்பச் சொல்கிறார்களே!

எதிரணித் தலைவரே, உங்கள் தீர்மானத்தை இந்த ஹாலில் சொல்ல வேண்டாம். நாளைக் காலை மாரிகுப்பத்துக்கு வாருங்கள். முதல் வண்டியில் எங்களோடு ஏறுங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தத் தங்கச்சியிடம், போனை உள்ளே வை, லீவு போட்டு மார்க்கெட்டுக்குப் போ என்று நீங்களே சொல்லுங்கள்.