அடிக்கடி அணையும் மின்குமிழ்

மின்விளக்கு வீட்டுக்கு வந்த நாள் முதலாக, சிமினியைத் துடைப்பதும் திரியை வெட்டுவதும் எண்ணெய் வார்ப்பதுமாகிய மாலை வேலைகள் மறைந்துபோயின. ஆளியை அழுத்தினால் வெளிச்சம். மீண்டும் அழுத்தினால் இருள். இந்த எளிமைக்குப் பழகிப்போன குடும்பத்தினருக்கு, ஒரு மின்குமிழ் அணைந்துபோவது சிறு எரிச்சலே அன்றி வேறொன்றாகத் தோன்றுவதில்லை. கடைக்குப் போய் வேறொன்றை வாங்கிவந்து மாட்டிவிட்டு, "இப்போது வருகிற சாமான் எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லி அமைதியடைந்துவிடுகிறார்கள். ஆனால் சில வாரங்களுக்குள் அதே இடத்தில் புதிய குமிழும் அணையுமானால், குற்றம் குமிழில் மட்டுந்தானா என்ற கேள்வி எழவேண்டும். அந்தக் கேள்வியை எழுப்பாத வீட்டில் பணம் வீணாவதோடு, சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தும் காத்திருக்கிறது.

கொழும்பு நகருக்குக் கிழக்கே உள்ள கொலன்னாவை, இலங்கையின் மின்சார வரலாற்றில் இடம்பெற்ற ஊர். நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கவேண்டும் என்று பல்லாண்டுகளாக வாதாடிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திராவின் கனவு, 1950ஆம் ஆண்டில் லக்சபான நீர்மின் நிலையமாக நனவாயிற்று. மலைநாட்டிலிருந்து 66,000 வோல்ற்று அழுத்தத்தில் அந்த ஆற்றலைச் சுமந்துவந்த கம்பிகள் கொலன்னாவை உபநிலையத்தில் வந்திறங்கின. அங்கிருந்து படிப்படியாக அழுத்தம் குறைக்கப்பட்டு, தெருவோர மாற்றியைக் கடந்து, வீட்டுக்குள் நுழையும்போது அது 230 வோல்ற்றாகிறது. மின்சாரம் வந்திறங்கும் ஊரில் குடியிருப்பவர்களுக்கு எப்போதும் சீரான மின்சாரம் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அப்படியன்று. ஒரு வீட்டுக் குமிழின் ஆயுளை நிர்ணயிப்பது பெரிய உபநிலையம் அன்று. தெருமுனை மாற்றியிலிருந்து குமிழ்தாங்கி வரையுள்ள சில நூறு அடிக் கம்பியும், அதிலுள்ள இணைப்புகளுமே.

முதலில், ஒரு குமிழ் எவ்வளவு காலம் எரிவது நியாயம் என்பதைத் தெரிந்துகொள்வது நலம். பழைய இழைக்குமிழின் ஆயுள் ஏறத்தாழ 1,000 மணித்தியாலம். நாள்தோறும் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் அது 200 நாள் நிலைக்கும். ஆறு ஏழு மாதத்தில் அணைந்த இழைக்குமிழைக் குறைகூற இடமில்லை. அது தன் கடமையை முடித்துவிட்டது. இந்த ஆயிர மணித்தியாலத்துக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. 1924ஆம் ஆண்டில் உலகின் பெரிய குமிழ் உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் ஒன்றுகூடி, பீபஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். குமிழின் ஆயுள் ஆயிரம் மணித்தியாலமே என்று வரையறுத்து, அதற்கு மேல் எரியும் குமிழைச் செய்த அங்கத்தவருக்கு அபராதமும் விதித்தார்கள். வாங்குபவரின் நலனைவிட விற்பவரின் நலனே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் மறுபக்கமும் ஒன்றுண்டு. இழையின் வெப்பத்தைத் தணித்தால் ஆயுள் நீளும். ஆனால் அதே மின்சாரச் செலவுக்குக் கிடைக்கும் வெளிச்சம் குன்றும். அமெரிக்காவின் லிவர்மோர் நகரிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் 1901ஆம் ஆண்டு முதல் எரிந்துவருவதாகப் புகழ்பெற்ற குமிழ், படிப்பதற்குக்கூடப் போதாத மங்கல் ஒளியையே தருகிறது. நீண்ட ஆயுளுக்கு அது கொடுத்த விலை அதுதான்.

இன்று பெரும்பாலான வீடுகளில் இழைக்குமிழின் இடத்தை எல்.ஈ.டி. குமிழ் பிடித்துக்கொண்டது. அதன் பெட்டியில் 15,000 மணித்தியாலம் என்றோ அதற்கு மேலோ அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கணக்கின்படி, நாளுக்கு ஐந்து மணித்தியாலமாக எட்டு ஆண்டுகளுக்கு அது எரியவேண்டும். ஓராண்டுக்குள்ளேயே அணைகிறது என்றால், காரணத்தைத் தேடுவது பொருத்தமே. தேடுவதற்கு ஒரு வழி உண்டு. புதிய குமிழை மாட்டும்போது அதன் அடிப்பாகத்தில் அன்றைய திகதியை எழுதிவைத்தல் வேண்டும். எந்த அறையில் எந்தக் குமிழ் எத்தனை நாள் நின்றது என்பதை ஒரு கொப்பியில் குறித்துவைத்தால், ஓராண்டில் அந்தக் கொப்பியே உண்மையைச் சொல்லிவிடும். நினைவை நம்பினால், "எப்போதும் அணைகிறது" என்ற புலம்பலே மிஞ்சும்.

அந்தக் குறிப்பைக் கொண்டு நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கலாம். ஒரே இடத்துக் குமிழ் மட்டும் அணைகிறதா? ஓர் அறையின் குமிழ்கள் அணைகின்றனவா? வீடு முழுவதும் அணைகின்றனவா? அயல்வீட்டாருக்கும் அதே தொல்லையா?

ஒரே இடத்தில் மட்டும் அணையுமானால், குமிழ்தாங்கியைச் சந்தேகிக்க வேண்டும். இலங்கையில் வழக்கிலுள்ள, இரு முளைகளை அழுத்தித் திருகி மாட்டும் குமிழில், தாங்கியினுள்ளே இரு சிறு முனைகள் வில்லின் உதவியால் குமிழின் அடியை அழுத்திக்கொண்டிருக்கின்றன. ஆண்டுகள் செல்ல வில் தளரும். தளர்ந்தால் இடையே சிறு இடைவெளி விழும்; இடைவெளியில் தீப்பொறி தோன்றும்; பொறி சூட்டை வளர்க்கும்; சூடு வில்லை மேலும் தளர்த்தும். கழற்றிய குமிழின் அடியில் ஈயப்பொட்டுகள் கறுத்துக் குழிவிழுந்திருந்தால் இதுவே காரணம். வெள்ளவத்தையைப் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் இந்த முனைகளை அரிக்கிறது. இத்தகைய தாங்கியில் எத்தனை புதிய குமிழை மாட்டினாலும் பயனில்லை, தாங்கியையே மாற்றவேண்டும்.

தாங்கி நன்றாயிருந்தும் அணையுமானால், சூட்டை எண்ணிப்பார்க்க வேண்டும். எல்.ஈ.டி. குமிழின் பகை சூடு. ஒளிதரும் சில்லுகள் எளிதில் கெடுவதில்லை. அவற்றுக்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் சிறு சுற்று, குமிழின் கழுத்துக்குள் அடைபட்டிருக்கிறது. அதிலுள்ள மின்கொள்ளளவியின் சூடு பத்துப் பாகை உயர்ந்தால், அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள்ளும், தகரக் கூரைக்குக் கீழுள்ள மூடிய விளக்குக்குள்ளும் அந்தக் குமிழை அடைத்துவிட்டு, நீண்ட ஆயுளை எதிர்பார்ப்பது வீண். இழைக்குமிழுக்கோ அதிர்ச்சி பகை. கொலன்னாவையின் எண்ணெய்க் களஞ்சியத்துக்கு வந்துபோகும் பவுசர்களைப் போன்ற கனரக வாகனங்கள் ஓடும் வீதியோரத்திலும், அடித்துச் சாத்தப்படும் கதவுக்கு மேலும் தொங்கும் இழைக்குமிழ் விரைவில் அறுந்துபோவது இயல்பு.

அணைந்த குமிழைக் குப்பையில் எறியுமுன் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. இழைக்குமிழின் கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தால், தங்ஸ்தன் இழை மெல்ல மெல்ல ஆவியாகிப் படிந்திருக்கிறது. அது முதுமையால் நேர்ந்த முடிவு. வெண்மையான படலம் இருந்தால், கண்ணாடியினுள் காற்றுப் புகுந்துவிட்டது. அது குமிழின் குறையே. கண்ணாடி தெளிவாயிருந்து இழை மட்டும் அறுந்திருந்தால், அதிர்ச்சியையோ திடீரெனப் பெருகிய மின்சாரத்தையோ சந்தேகிக்கலாம். எல்.ஈ.டி. குமிழில் ஒரு சில்லில் மட்டும் கரும்புள்ளி காணப்பட்டால், சங்கிலிபோல் தொடராகக் கோத்த சில்லுகளில் ஒன்று எரிந்து, மற்றவற்றையும் அணைத்துவிட்டது என்பது பொருள்.

வீடு முழுவதும் குமிழ்கள் அணைகின்றனவென்றால், மின்னழுத்தத்தைக் கவனிக்கவேண்டும். விதிப்படி 230 வோல்ற்றுக்கு மேலும் கீழும் நூற்றுக்கு ஆறு பங்கு வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. அதாவது 216 முதல் 244 வோல்ற்று வரை. இழைக்குமிழ் இதற்கு மிகவும் அஞ்சும். அழுத்தம் நூற்றுக்கு ஐந்து பங்கு உயர்ந்தாலே அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 220 வோல்ற்று என்று குறிக்கப்பட்ட குமிழை 230 வோல்ற்றில் எரிப்பவர், தம்மை அறியாமலே ஆயுளை இழக்கிறார். எனவே வாங்கும்போது குமிழின் மேல் எழுதியதைப் படிக்கவேண்டும். மாலையில் எல்லா வீடுகளிலும் அடுப்பும் விளக்கும் இயங்கும்போது அழுத்தம் தாழும். நள்ளிரவில் ஊர் உறங்கியபின் உயரும். இரவு முழுவதும் எரியும் வாயில் விளக்கு மற்றவற்றைவிட முந்தி அணைவதற்கு, நீண்ட நேரம் எரிவதோடு இதுவும் ஒரு காரணம். மாற்றிக்கு அருகிலுள்ள வீட்டில் அழுத்தம் சற்றுக் கூடுதலாயிருப்பதும் இயல்பே. கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகிய தெருக்களில் நண்பகலிலும் அழுத்தம் உயரக்கூடும்.

இவை யாவும் பணத்தோடு போகிற காரியங்கள். உயிரோடு விளையாடும் காரணம் ஒன்று எஞ்சியிருக்கிறது. வீட்டுக்கு வரும் இரு கம்பிகளில் ஒன்று உயிர்க்கம்பி. மற்றது மின்சாரம் திரும்பிச் செல்லும் நொதுமல் கம்பி. மூன்று உயிர்க்கம்பிகள் வரும் பெரிய வீடுகளுக்கும் தொடர்மாடிகளுக்கும், தெருக்கம்பியில் ஒன்றாகப் பிணைந்திருக்கும் பல சிறு வீடுகளுக்கும், நொதுமல் கம்பி ஒன்றே பொதுவானது. அதன் இணைப்புத் தளர்ந்தால் அல்லது அறுந்தால், மின்சாரம் வேறு வழியின்றி ஒரு பகுதியிலுள்ள கருவிகளினூடாக மறு பகுதிக்குப் பாயும். இரு உயிர்க்கம்பிகளுக்கு இடையேயுள்ள அழுத்தம் 400 வோல்ற்று. அது சமமின்றிப் பங்கிடப்படுவதால், ஓர் அறையில் குமிழ் கண்கூசும்படி எரிந்து அணைய, மற்றோர் அறையில் விளக்கு மங்கி நிற்கும். அடுக்களையில் அடுப்பை இயக்கியதும் மண்டபத்து விளக்கு பிரகாசித்தால், அது வேடிக்கையன்று, எச்சரிக்கை. வீட்டிலுள்ள ட்ரிப் சுவிட்ச் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும். இந்த உயர்ந்த அழுத்தத்தை அது அறியாது. குளிரூட்டியும் தொலைக்காட்சியும் எரிந்துபோவதோடு, வீடே தீப்பற்றவும் இடமுண்டு.

அந்த நிலையில் செய்யவேண்டியது ஒன்றே. பிரதான ஆளியை உடனே அணைத்துவிட்டு, மின்விநியோக அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். தூணில் ஏறுவதும், மின்மானிப் பெட்டியைத் திறப்பதும் வீட்டாருக்கு உரிய வேலை அல்ல. அயல்வீட்டிலும் அதே குறை இருக்கிறதா என்று கேட்டு, அதையும் சேர்த்துச் சொன்னால், குறை தெருக்கம்பியிலா வீட்டிலா என்பதை வருபவர் விரைவில் கண்டுகொள்வார்.

வெள்ளம் கண்ட ஊர்களில் இந்த எச்சரிக்கை இருமடங்கு தேவை. 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருகியபோது, கொலன்னாவையின் தாழ்ந்த பகுதிகள் பல நாட்கள் நீரில் நின்றன. நீர் வடிந்ததும் சுவர் காய்ந்துவிடும். சுவருக்குள் நுழைந்த ஈரமும் சேறும் செம்புக் கம்பியின் இணைப்புகளில் பச்சைக் களிம்பை வளர்த்துக்கொண்டே இருக்கும். மாதங்கள் சென்றபின் குமிழ்கள் அடிக்கடி அணையத் தொடங்கினால், வெள்ளத்தை எவரும் நினைப்பதில்லை. நீர் புகுந்த வீட்டின் மின்னிணைப்புகளைத் தகுதிபெற்ற ஒருவரைக் கொண்டு ஒருமுறை சோதித்துக்கொள்வதற்கு ஆகும் செலவு, வீட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆளியை அணைத்த பின்னும் எல்.ஈ.டி. குமிழ் மினுக்கென்று ஒளிர்ந்துகொண்டிருந்தால், ஆளி உயிர்க்கம்பியில் அல்லாது நொதுமல் கம்பியில் பொருத்தப்பட்டிருக்கக்கூடும். அப்படியானால் விளக்கு அணைந்த பின்னும் தாங்கியில் உயிர் இருக்கிறது. ஆளியை நம்பிக் குமிழைக் கழற்றக் கைவைப்பவர் அடி வாங்குவார். ஆகவே எந்தக் குமிழை மாற்றும்போதும் பிரதான ஆளியை அணைத்துவிட்டு, உலர்ந்த கையோடு, உலர்ந்த மரப்பலகையில் நின்று மாற்றும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பழக்கவேண்டும்.

சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் இடிமின்னல் மிகும் மாலைகளில், கம்பிவழி வரும் திடீர் அழுத்தமும் குமிழ்களைக் கெடுப்பதுண்டு. ஒரே இடிக்குப் பின் பல குமிழ்கள் அணைந்தால், அதையும் அந்தக் கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். அது வீட்டுக் கம்பியின் குறையன்று.

இனி ஒரு குமிழ் அணைந்தால், அதன் அடியிலுள்ள திகதியைப் பார்ப்பது, கண்ணாடியைப் பார்ப்பது, தாங்கியின் முனைகளைப் பார்ப்பது, அயலாரைக் கேட்பது என்ற நான்கையும் செய்து முடிக்க ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலும் ஒரு புதிய தாங்கியோ, காற்றோட்டமுள்ள ஒரு கூண்டோ வாங்குவதோடு காரியம் முடிந்துவிடும். எப்போதோ ஒரு வீட்டில் அந்த ஐந்து நிமிடம், சுவருக்குள் கனன்றுகொண்டிருக்கும் ஓர் இணைப்பை உரிய காலத்தில் காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு வீட்டின் பொருட்டு எல்லா வீட்டாரும் இதைப் பழகிக்கொள்வது தகும்.